போனைப் பிடுங்குவதற்கு முன்னால்: நீலகிரிப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகாக்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவக் குழுவோடு பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் எடை, உயரம், கண், பல் எல்லாம் பார்த்திருக்கிறேன். நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நின்றிருக்கிறேன். இப்போதும் பக்கத்துப் பள்ளிகளில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போய் உட்காருவேன். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியில் யாராவது ஒரு அம்மா எழுந்து, "சார், இந்தப் போனுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்பார். அவ்வளவுதான், அதுவரை வாய் திறக்காதவர்கள்கூடப் பேசத் தொடங்குவார்கள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்க்கிறான். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாள். வாங்கி வைத்தால் தட்டைத் தூக்கி எறிகிறான். பத்து நிமிடத்தில் தீர்மானம் வந்துவிடும்: பிள்ளைகள் கையில் போன் கொடுக்கக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். அடுத்த கூட்டத்தில் அதே அம்மா அதே பேச்சை எடுப்பார்.

அந்தத் தீர்மானம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. போன் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று கேட்கிறோம். எந்த நேரத்தில், என்ன நடந்த பிறகு அது கைக்கு வருகிறது என்று கேட்பதில்லை. கேட்டாலும் பல பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. தெரிந்தே மறைக்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தனக்கே பிடிபடாமல் தவிக்கிற பிள்ளைகளும் நிறைய உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி என்று ஓ.பி. சீட்டோடு வந்து நிற்பான். பாட்டிதான் கூட்டி வருவார். டாக்டர் சிறுநீர் பார்த்தார், ரத்தம் பார்த்தார், பூச்சி மாத்திரை கொடுத்தார். எதிலும் ஒன்றும் இல்லை. "ராத்திரி பூரா போனுதான் சிஸ்டர், அப்புறம் வயிறு வலிக்காம என்ன செய்யும்" என்றார் பாட்டி. அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, என்னப்பா பண்ணுது என்று கேட்டேன். "தெரியல சிஸ்டர். ஒரு மாதிரியா இருக்கு." கோபமா? பயமா? கவலையா? ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியல" என்றான். தப்பிக்கச் சொல்லும் தெரியல இல்லை அது. அவன் உண்மையாகவே தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை.

சரி என்று அந்தக் கேள்விகளை விட்டுவிட்டேன். எங்கே வலிக்கிறது, கையை வைத்துக் காட்டு என்றேன். கை வயிற்றுக்குப் போகவில்லை; நெஞ்சுக்குழிக்கு நேராக வைத்தான். எப்போது ஆரம்பிக்கிறது? ராத்திரி. ராத்திரி எப்போது? நன்றாக யோசித்து, "அம்மா போன வச்சதுக்கு அப்புறம்" என்றான். சொன்னவன் தானே ஆச்சரியப்பட்டதுபோல் என்னைப் பார்த்தான். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்று ராத்திரிதான் நெடுநேரம் வீடியோ காலில் பேசுவார். பேசி முடித்ததும் இவன் கம்பளிக்குள் புகுந்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பிப்பான். தூக்கம் தானாக வந்து போன் முகத்தில் விழும் வரை பார்ப்பான். அம்மாவின் அழைப்பும், அதற்குப் பிறகு வரும் அந்த வலியும், ரீல்ஸும் ஒரே கயிற்றில் இருக்கின்றன என்று அவனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தீர்மானப்படி அந்த வீட்டில் போனை வாங்கி வைத்திருந்தால், போனோடு சேர்த்து அவன் அம்மாவையும் வாங்கி வைத்திருப்போம்.

தன் உணர்வைத் தானே இனம் காண முடியாமல் இப்படித் திணறுவதை மனநல மருத்துவத்தில் அலெக்ஸிதைமியா என்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில், பாஸ்டனில் இருந்த பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது. அவர் கவனித்ததும் உடல் உபாதையோடு வந்தவர்களைத்தான். வலியைப் பற்றிக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்கள். மனசுக்கு எப்படி இருக்கிறது என்றால் வாயடைத்துப் போவார்கள். பிறகு டொராண்டோவில் இதை அளக்க ஒரு வினாத்தாள் உருவானது. 1994இல் வெளியான அதன் 20 கேள்வி வடிவத்தைத்தான் இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. தனக்குள் இருப்பது பயமா, கோபமா, உடம்பு சரியில்லையா என்று பிரித்தறிய முடிகிறதா. அதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல முடிகிறதா. கவனம் எப்போதும் வெளியே நடப்பதிலேயே நிற்கிறதா. மூன்றாவது வகைப் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் நடந்த சண்டையை யார் யாரை அடித்தது, எந்தப் பெஞ்சு உடைந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வார்கள். உனக்கு எப்படி இருந்தது என்றால், கேள்வியே புரியாததுபோல் நிற்பார்கள்.

இது நோய்ப் பட்டியலில் இருக்கும் ஒரு நோய் இல்லை. கூடக்குறைய எல்லோரிடமும் இருக்கிற சுபாவம். பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதிகமாக இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். வளரும் வயதில் இந்தத் திணறல் இன்னும் சகஜம். உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் மூளையில் முந்திக்கொள்கின்றன. அதை நிதானமாகப் பார்த்துக் கையாளும் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

போனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சீனா, துருக்கி போன்ற நாடுகளில் மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில், உணர்வை இனம் காணச் சிரமப்படுகிறவர்களே போன் அதிகப் பயன்பாட்டு அளவுகோலிலும் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள். அந்த அளவுகோல்களில் ஒன்று 2013இல் தென் கொரியாவில் வளரிளம் பிள்ளைகளை வைத்து உருவாக்கிய பத்துக் கேள்வித் தாள். திட்டமிட்ட வேலை போனால் தவறிப்போகிறதா, மணிக்கட்டோ பின்கழுத்தோ வலிக்கிறதா, கையில் போன் இல்லாதபோது எரிச்சலாக இருக்கிறதா, நினைத்ததைவிட நேரம் போய்விடுகிறதா என்றெல்லாம் அதில் வரும். ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. எது முதலில் வந்தது என்று அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. போன்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று மேடையில் முழங்குவதற்கு அவை ஆதாரம் ஆகாது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வளர்க்கிறது என்றுதான், இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்த நான் நினைக்கிறேன்.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். உள்ளே ஒரு தவிப்பு. அது ஏக்கம் என்று தெரிந்தால் அம்மாவைத் திரும்பக் கூப்பிடலாம், அழலாம், பாட்டி மடியில் படுக்கலாம். பயம் என்று தெரிந்தால் டீச்சரிடம் சொல்லலாம். என்னவென்றே தெரியாத தவிப்பை என்ன செய்வது? அதை மறக்க வேண்டும், அவ்வளவுதான். மறக்க வைப்பதில் போனுக்கு நிகர் எதுவும் இல்லை. விரல் பட்டதும் அடுத்தது, அடுத்தது என்று வந்துகொண்டே இருக்கும். தவிப்பு கொஞ்சம் அடங்கும். அடங்குகிறது என்பதாலேயே அடுத்த முறையும் கை அங்கேதான் போகும். ஆனால் அந்த உணர்வு, ஈரக் கம்பளியை மடித்து வைத்ததுபோல் அப்படியே உள்ளே கிடக்கிறது. அது என்ன என்று கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பம் ஒவ்வொரு முறையும் கைநழுவிப் போகிறது.

இன்னொரு பக்கம் தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குத் தூங்கி, ஆறு மணிக்கு எழுந்து, ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கிற பிள்ளைக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. தூக்கம் கெட்டவனுக்கு அடுத்த நாள் எல்லாமே எரிச்சல். அந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்றும் அவனுக்குத் தெரியாது.

உணர்வுக்குப் பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று உங்களில் சிலர் கேட்கலாம். 2007இல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த முகத்தில் தெரியும் உணர்வுக்குரிய வார்த்தையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் ஆபத்துக்குப் பதறுகிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. அது ஆய்வகத்தில் படம் பார்த்தவர்களிடம் கண்டது. வீட்டுச் சிக்கலுக்கெல்லாம் மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும், சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும் என்று நம் பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அது ஒரு காரணம்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். சமவெளியில் எழுதப்படும் அறிவுரைகள் இங்கே பாதி பொருந்துவதில்லை. "பிள்ளைகளை மாலையில் வெளியே விளையாட விடுங்கள்" என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். எங்கே விடுவது? கோத்தகிரியில் பொழுது சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து காட்டு மாடு வரும். கரடி வீட்டு வாசல் வரை வரும். கூடலூரில் யானை. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்ற பிறகு, எந்தத் தாய்தான் பிள்ளையை வாசலுக்கு அப்பால் விடுவாள்? அப்புறம் மழை, பனிமூட்டம். கொழுந்து எடை போட்டு முடித்து அம்மா வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். பசுந்தேயிலைக்கு விலை இல்லாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் போனவர்களின் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு இருக்கிறார்கள். நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை அந்த வீட்டில் பிள்ளையோடு இருப்பது போன் மட்டும்தான். "கையில போன் இருந்தா வெளிய போகமாட்டான், அந்த நிம்மதிதான் சிஸ்டர்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. போனை இந்த வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் பள்ளிக்கும் பங்கு உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு 2021 செப்டம்பரிலும், சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நவம்பரிலும்தான் மறுபடி முறையாகத் திறந்தன. அதற்குள் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. இருந்த நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய வீடுகள் உண்டு. டவர் கிடைக்கிற மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நோட்டோடு ஏறினார்கள். பள்ளி திறந்தது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எப்போது பார்த்தாலும் காதில் ஹெட்செட் என்று வகுப்பாசிரியை புகார் சொன்னார். தலைவலி என்று வந்தபோது, என்ன பாட்டும்மா கேட்கிறாய் என்று கேட்டு ஒரு பக்கத்தை வாங்கி என் காதில் வைத்தேன். எந்தப் பாட்டும் ஓடவில்லை. அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில் காதில் மாட்டப் பழகியதாம்; பிறகு பகலிலும் கழற்ற முடியவில்லை. அப்படி மாட்டும்போது உனக்கு எப்படி இருக்கும் என்றேன். "ஒண்ணும் இருக்காது சிஸ்டர், அதுக்குத்தான்" என்றாள்.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். உங்கள் குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் பெரியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது உங்கள் வேலை. அந்தத் திட்டத்தில் சுவரும் குழாயும் எழுதுகிற இடத்தில், மாலை நான்கிலிருந்து ஏழு வரை என்று ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். பள்ளியில் ஒரு அறையோ, ஊர்ச் சமுதாயக் கூடமோ, எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய குழந்தைகள் காப்பகமோ, ஏதாவது ஓரிடம் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கட்டும். கேரம் போர்டு இருக்கட்டும், அடுப்பில் கொஞ்சம் சுண்டல் இருக்கட்டும், பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பாடம் நடத்த வேண்டாம். வீடு திரும்பும்போது பிள்ளைகள் கூட்டமாகப் போகட்டும், டார்ச்சோடு பெரியவர்கள் கூடப் போகட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், ஆள்தான் வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம். கூப்பிடுங்கள்.

வகுப்பில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் போதும். ஆசிரியர் மனநல ஆலோசகர் ஆக வேண்டியதில்லை. நான் பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டதைத்தான் கேட்கச் சொல்கிறேன். உடம்பில் எங்கே தெரிகிறது? எப்போது ஆரம்பித்தது? அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? "உன் பிரச்சினை என்ன" என்று கேட்டால் வராத பதில், இந்த மூன்றில் வந்துவிடுகிறது. எழுத விரும்புகிற பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அதை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது; சத்தமாக வாசிக்கச் சொல்லவே கூடாது. மார்க் போடவும் கூடாது. ஒரு பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து உணர்வைச் சொல்லச் சொன்னால், வகுப்பு சிரிக்கும். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வாய் திறக்காது.

மொழியை மறந்துவிடாதீர்கள். நம் வகுப்பறைகளில் வீட்டில் படகர்களின் மொழியான படுகு பேசுகிற பிள்ளை இருக்கிறது. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் போன்ற பழங்குடி வீட்டுப் பிள்ளை இருக்கிறது. மலையாளமோ கன்னடமோ பேசுகிற பிள்ளை இருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தின் பேரப்பிள்ளை இருக்கிறது. அழுகையும் கோபமும் வருவது வீட்டு மொழியில்தான். அதைப் பாடப்புத்தகத் தமிழில் சொல், ஆங்கிலத்தில் சொல் என்றால் வாய் எழாது. எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சொல்லட்டும், எழுதட்டும். ஆசிரியருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்குப் புரிந்தால் போதும். பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பணியர் சிறுமியை உணர்வு தெரியாதவள் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். கேட்கிறவர் மேல் நம்பிக்கை வராததால் பேசாமல் இருக்கலாம். அந்த வினாத்தாள்கள் வேறு ஊரில், வேறு மொழியில் உருவானவை. பள்ளியில் விநியோகித்து மதிப்பெண் கூட்டிப் பிள்ளைக்கு முத்திரை குத்துவதற்கு உரியவை இல்லை. போன் பைத்தியம், போன் அடிமை என்று கூப்பிடுவதையும் விட்டுவிடுவோம். வீடியோ கேம் விளையாட்டு கைமீறிப் போவதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. போன் பயன்பாட்டுக்கு என்று தனியாக ஒரு நோய் அதில் இல்லை. மருத்துவர்களே வைக்காத பெயரை நாம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வைக்க வேண்டாம்.

வீட்டுக்கான விதிகள் எளிமையாக இருக்கட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எல்லோருடைய போனும் சமையலறையில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்தான். கம்பளிக்குள் போன் வேண்டாம். சாப்பிடும்போது வேண்டாம். திடீரென்று பிடுங்குவது, சுவரில் அடிப்பது, பள்ளியில் எல்லோர் முன்னாலும் உடைப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. தவிப்பை அடக்க ஒரே வழியாக இருந்ததை ஒரே நொடியில் எடுத்தால், அந்தத் தவிப்பு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. முதலில் அரை மணி நேரம் குறையட்டும். அந்த அரை மணி நேரத்தில் யாராவது பிள்ளையோடு இருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் அவசரப்படுகிறோம். பையன் கையில் போன் இருந்தால் விளையாடுகிறான் என்கிறோம். பெண் கையில் இருந்தால் யாரிடம் பேசுகிறாள் என்கிறோம். படத்தை வைத்து எவனாவது மிரட்டினால்கூட அவள் வீட்டில் சொல்ல மாட்டாள். சொன்னால் முதலில் போன் போகும், அடுத்தது படிப்பு போகும் என்று அவளுக்குத் தெரியும். "என்ன நடந்தாலும் சொல், போனை வாங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று பெற்றோர் கூட்டத்தில் அம்மா அப்பா இருவரும் பிள்ளையின் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். தீர்மானம் போடுவதென்றால் இதற்குப் போடுங்கள்.

உதவிக்கு இருக்கிற எண்களைப் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருக்கிறார். எந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அதையும் கீழே எழுதுங்கள். பிள்ளை பள்ளிக்கே வர மறுக்கிறது, நாள்கணக்கில் தூங்கவில்லை, கையில் கீறிக்கொள்கிறது, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னாலும் சரி, அன்றைக்கே கூட்டிப் போங்கள். அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த மாதிரி நேரத்தில் போனைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமைப் பையனுக்கு மாத்திரை எதுவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. பாட்டியிடம் சொல்லி, அம்மா போனை வைத்த பிறகு அரை மணி நேரம் அவனோடு அடுப்படியில் உட்காரச் சொன்னோம். அம்மாவிடமும் பேசினோம். ஞாயிறு ஒரு நாள் நெடுநேரம் பேசுவதற்குப் பதிலாகத் தினமும் ஷிஃப்ட் முடிந்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னோம். வயிற்றுவலி ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் வரும்போது இன்ன காரணம் என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். "அம்மா இந்த மாசம் வரலன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர், அதான்" என்று ஒரு நாள் சொன்னான். ரீல்ஸ் இன்னும் பார்க்கிறான். முன்பு மாதிரி விடிய விடிய இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வேலை நாளில் பகலில் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், அதனால் வருவதில்லை. யார் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறதோ அந்த வீட்டுக் குரல்தான் கூட்டத்தில் இல்லாமல் போகிறது. வழக்கமான கூட்டத்தோடு, இந்தப் பேச்சுக்கென்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வையுங்கள். எஸ்டேட் பக்கம் என்றால் தொழிலாளர் குடியிருப்பான லயனுக்கே போய் வையுங்கள். ஊரில் இல்லாத பெற்றோரை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எங்கே வைத்தாலும் நான் வருகிறேன். கூடலூர், பந்தலூர் என்றால் காலைப் பேருந்தில் கிளம்பி வந்துவிடுவேன், கூட்டத்தை மதியத்துக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கோத்தகிரி